பௌர்ணமிக்கு உண்டு, படிப்புக்கு இல்லையோ!

திருவண்ணாமலையில் முழுநிலவு தோன்றப் போகிறது என்றால் போதும், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் விழித்துக் கொள்கின்றன. சிறப்புப் பேருந்துகள் பற்றிய அறிவிப்பு பறக்கிறது. இரவு முழுதும் வண்டிகள் வருகின்றன, போகின்றன. மலையைச் சுற்றிவரும் மங்கையரை நோக்கி, "நள்ளிரவில் உங்களுக்கு வெளியே என்ன வேலை?" என்று எவரும் கேட்பதில்லை. அவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும்? புதுக்கோட்டைத் திருவப்பூரில் முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரியும் இரவிலே தெருவெல்லாம் பெண்கள். குமரிகள், கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள். முனியும் பேயும் அன்றைக்கு விடுமுறை எடுத்துக் கொள்கின்றன போலும்!

கையிலே பூத்தட்டுக்குப் பதிலாகப் புத்தகம் இருந்துவிட்டால் மட்டும் இரவு கெட்டது, இருட்டு பொல்லாதது, பெண் அடங்கியிருக்க வேண்டியவள்! பக்திக்குப் பணிந்து வழிவிடும் இருட்டு, படிப்பைக் கண்டதும் பல்லைக் காட்டுகிறதாம். இந்த விந்தையைத்தான் இளைஞர்களின் முன் வைக்கிறோம்.

புதுக்கோட்டை, 1974 சனவரி 14 ஆம் நாள் திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட மாவட்டம். தலைநகரிலே மன்னர் கல்லூரி இருக்கிறது. அரசு மகளிர் கலைக்கல்லூரி இருக்கிறது. 2017 இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. 1982 இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பல்கலைப்பேரூரோ, திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. இவற்றை நாடி வருவோர் யார்? மீமிசல், கோட்டைப்பட்டினம் கடற்கரைப் பிள்ளைகள்; கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, இலுப்பூர், பொன்னமராவதிச் சிற்றூர்களின் பிள்ளைகள். தாய் தந்தையர் கல்லூரி வாயிலைக் கண்டறியாத குடும்பங்களிலிருந்து வருவோர் அவர்களிலே ஏராளம். விடுதியில் தங்குவோர் போக, எஞ்சியோர் நாள்தோறும் பேருந்தை நம்பி வாழ்கிறார்கள்.

அவர்களுடைய பாடத்திட்டத்தை வகுப்பவர் துணைவேந்தர் என்று நாடு நினைத்துக் கொண்டிருக்கிறது. பேருந்து நிலையத்து நேரக்காப்பாளர்தான் வகுக்கிறார்! கடைசி நடை எத்தனை மணிக்கோ அத்தனை மணிக்கு அந்தப் பெண்ணின் அறிவு வேட்கை முடிந்தாக வேண்டும். சோதனைச் சாலையில் கலவை கொதித்துக் கொண்டிருக்கும். இவள் பையை எடுக்க வேண்டும். திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்னும் அரிய நூலகம் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களோடு இருக்கிறது. இவள் கண் பாதி ஏட்டிலே, பாதி கடிகாரத்திலே. புத்தகத் திருவிழா நடக்கும். நல்ல பேச்சாளர் எழுந்து நிற்கும் வேளையில் முன்வரிசைப் பெண்கள் எழுந்து போவார்கள். மரியாதை அறியாதவர்களா அவர்கள்? கடைசிப் பேருந்தை அறிந்தவர்கள்! அந்தக் கடைசி நடையும் சில நாள் ஓடாமற்போகும் என்பது கிராமத்தார்க்குப் புதிய செய்தியன்று.

இந்த ஊர் எப்படிப்பட்ட ஊர்? 1886 இல் முத்துலட்சுமியை ஈன்ற ஊர். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் பெண்ணா என்று வைதிகம் கூச்சலிட்டபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடம் கொடுத்தார். அப்பெண் 1912 இல் சென்னையிலே மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னாளில் தேவதாசி முறையின் வேரை அறுத்தார். கல்லூரிக் கதவு அன்றே திறந்துவிட்டது. அந்தக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை உள்ள சாலைதான், சூரியன் சாய்ந்ததும் இன்னும் மூடிக்கொள்கிறது.

ஒன்றுமே செய்யப்படவில்லையா என்று கேட்பார்கள். செய்யப்பட்டிருக்கிறது; மறைக்கமாட்டோம். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசின்றிப் போகலாம் என்று ஆயிற்று. கூலிக்காரப் பெண்ணின் மடியில் மாதந்தோறும் மிச்சம் விழுந்தது. மிகச் சிறந்த செயல். 2023 சூன் திங்களில் தமிழ்நாடு காவல்துறை மற்றொன்றை அறிவித்தது: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தனித்து நிற்கும் பெண் 1091 அல்லது 112 என்ற எண்ணை அழைத்தால், ரோந்து வண்டி வந்து கட்டணமின்றி வீட்டிலே கொண்டுபோய்ச் சேர்க்கும். நல்ல நோக்கம். நாமும் பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டு ஒன்று கேட்கிறோம்.

ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரவு பதினொரு மணி. நாய்கள் குரைக்கின்றன. போலீஸ் ஜீப் தெருவுக்குள் நுழைகிறது. திண்ணையில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்காருகிறார்கள். ஜீப்பிலிருந்து இறங்குகிறாள் ஒரு கல்லூரிப் பெண். மறுநாள் காலை குழாயடியில் என்ன பேசுவார்கள்? "நூலகத்தில் படித்துவிட்டு வந்தாள்" என்றா? தகப்பன் காதில் அது போய்ச் சேரும்போது என்ன உருவம் எடுத்திருக்கும்? அடுத்த திங்கள் அவளுக்குப் படிப்பு உண்டா, தாலி உண்டா? ஊர்வாயின் கொடுமையை அறிந்த எந்தப் பெண் அந்த எண்ணை அழைக்கத் துணிவாள்? ஆபத்தில் அழைப்பாள், அழைக்கவும் வேண்டும். படிப்பதற்காக நாள்தோறும் அழைப்பாளா?

ஜீப் என்பது மீட்பு; தவறிப்போனவளைக் கொண்டுவந்து சேர்ப்பது. பேருந்தோ நடைமுறை. அதிலே மாணவியும் வருவாள், மருத்துவமனைச் செவிலியும் வருவாள், கடையைப் பூட்டிவிட்டு வணிகரும் வருவார். பத்துப்பேரோடு இறங்குகிறவளைப் பற்றிக் கதை கட்ட முடியாது. ஆகவே, இலவச இரவுப் பயணத்தைக் காவல் நிலையத்தின் கருணையிலிருந்து எடுத்துப் போக்குவரத்துக் கழகத்தின் கால அட்டவணையில் ஏற்றுங்கள் என்கிறோம். ரோந்து வண்டி இருக்கட்டும், ஆபத்துக்கு.

சட்டம் இதற்கு வழிகாட்டாமல் இல்லை. பெண்கள் இரவிலே ஆலையில் வேலை செய்யக்கூடாதென்ற தொழிற்சாலைச் சட்டத்தின் தடையை, 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. அத்தோடு நில்லாமல் நிபந்தனைகளும் விதித்தது. பயண வசதி செய்து தருவது அவற்றுள் ஒன்று. முதலாளி வண்டி விடவேண்டும், பெண் உழைக்கவேண்டுமென்றால்! பெண் படிக்கவேண்டுமென்றால்? அங்கே முதலாளி இல்லை, அரசும் பல்கலைக்கழகமுமே பொறுப்பாளிகள். அங்கே வண்டியைக் காணோம், பூட்டைக் காண்கிறோம்.

ஆம், பூட்டு! மகளிர் விடுதி வாயிலில் தொங்குகிறதே, அதைத்தான் சொல்கிறோம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு ஒன்பதரைக்குப் பெண்கள் விடுதியை மட்டும் அடைப்பது ஏன் என்று 2022 இல் கேரள உயர்நீதிமன்றத்தின் படியேறினார்கள். தொல்லை தருவோர் ஆண்களென்றால் அவர்களையன்றோ அடைக்க வேண்டும் என்னும் பொருள்பட நீதிபதியே கேட்டார். 2024 ஆகஸ்டில் கல்கத்தாவிலே பணியிலிருந்த பயிற்சி மருத்துவப் பெண்ணைக் கொன்றார்கள். அதற்கு அம்மாநில அரசு கண்ட மருந்துகளில் ஒன்று, பெண்களுக்கு இரவுப் பணியை இயன்றவரை தவிர்ப்பதென்பது! பாதுகாப்புத் தருவது அரசின் கடமை, பெண்ணைத் தடுப்பதன்று என்று உச்சநீதிமன்றம் கண்டித்தது. 2012 டிசம்பர் 16 இரவு டில்லியில் அந்த மாணவி ஏன் முன்பின் அறியாத தனியார் பேருந்தில் ஏறினாள்? வீடு போக வேறு வண்டி வாய்க்கவில்லை. பொதுப் பேருந்து வராத இடத்தில் எது வரும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

"கழகம் நட்டத்தில் ஓடுகிறது, ஏற ஆளில்லாத வண்டிக்கு எண்ணெய் ஊற்றுவதா?" என்று கணக்குப்பிள்ளைகள் கிளம்புவார்கள். ஆள் எப்படி இருக்கும்? வண்டி இல்லை என்பதால் ஆறு மணிக்கே ஓடிவிடுகிறார்கள். ஆறு மணிக்கே ஓடிவிடுவதால் வண்டி வேண்டாம் என்கிறீர்கள். இதே புதுக்கோட்டையில் 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, நாட்டுப்புறப் பெண்ணுக்குச் சைக்கிள் எதற்கு என்றுதான் பலர் நகைத்தனர். கற்றுக் கொடுத்தார்கள், கடன் வழி காட்டினார்கள். பல்லாயிரம் பெண்கள் ஏறி மிதித்தார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோக, ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். வசதி வந்த பிறகுதான் வேட்கை எவ்வளவென்று ஊருக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பேருந்து எங்கே நிற்கிறது? பெரும்பாலும் ஊர்த்தெருவின் முகப்பிலே. காலனி அதற்கு அப்பால். விளக்கில்லாத வரப்பும் கண்மாய்க் கரையும் தாண்டி. எல்லாருக்கும் பயணம் முடிந்த இடத்தில் தாழ்த்தப்பட்ட குடிப் பெண்ணுக்கு இருட்டு தொடங்குகிறது. வெள்ளையர் காலத்தில், ஆதித்திராவிடரை ஏற்றமாட்டோம் என்ற பேருந்து முதலாளிகளை, இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் ஊ. பு. அ. சவுந்தரபாண்டியன் உரிமத்தில் கைவைத்து அடக்கினார். ஏறும் உரிமை அப்படி வந்தது. வீட்டருகே இறங்கும் உரிமை இன்னும் பாக்கி. கனடாவின் டொராண்டோ நகரில் 1991 முதல், மாண்ட்ரியலில் 1996 முதல், இரவிலே பெண் கேட்டால் இரு நிறுத்தங்களுக்கு இடையிலும் ஓட்டுநர் வண்டியை நிறுத்துகிறார். இதற்கு என்ன செலவு? ஒரு சுற்றறிக்கை, நடத்துநருக்கு ஒரு சொல்.

வேண்டுவன பெரிதல்ல. கல்லூரிகளும் நூலகமும் தொட்டுச் செல்லும் வண்டிகள், அறந்தாங்கி, பொன்னமராவதி, கந்தர்வகோட்டை, விராலிமலைத் தடங்களில் இரவு ஒன்பதுக்கும் பத்தரைக்கும். நகரப் பேருந்து இல்லாத அந்நேரத்தில் புறநகர் வண்டியிலும் மாணவர்க்குக் கட்டணமின்மை; ஆணுக்கும் சேர்த்தே கேட்கிறோம், ஏழை மாணவனும் இருட்டில் நடப்பவன்தான். கேட்ட இடத்தில் இறக்கம். நடை ஓடாவிட்டால் முன்கூட்டிச் செய்தி. பல்கலைப்பேரூரில் நிற்காமல் பறக்கும் வண்டிக்குக் கண்டிப்பு.

இளைஞர்களே, கூட்டம் போட்டுக் கைதட்டுவதோடு நிற்காதீர்கள். பத்து இரவுகள், எட்டு மணி முதல் பதினொரு மணி வரை, புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் ஏடும் எழுதுகோலுமாக நில்லுங்கள். எந்தத் தடத்தில் எத்தனை மாணவர் காத்திருக்கிறார்கள், எந்த நடை வந்தது, எது வரவில்லை, எந்தப் பெண் யாருக்குத் தொலைபேசியில் மன்றாடுகிறாள் என்று குறியுங்கள். கல்லூரி மாணவியரிடம் போய், வண்டி இருந்தால் எத்தனை மணி வரை தங்குவீர்கள் என்றும் கேட்டெழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் நேரமும் போதும். அந்த ஏட்டின் ஒரு படி பணிமனை மேலாளருக்கு, ஒரு படி பல்கலைக்கழகத்துக்கு, ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கு. அடுத்த முழுநிலவுக்குச் சிறப்புப் பேருந்து அறிவிப்பு வெளிவரும் நாளன்றே கொண்டுபோய்க் கொடுங்கள்.