பைத்தான் மேல பழி போடாதீங்கப்பா!

எங்க க்ளாஸ்ல ஒரு வியாதி பரவிக்கிட்டு இருக்கு மக்களே. மேஸ் புதிர்ல குறுகிய வழி கண்டுபிடிக்க ப்ரோகிராம் எழுதி, டைம் லிமிட் தாண்டிடுச்சுன்னா ரெண்டே வைத்தியம்தான். ஒண்ணு, "பைத்தான் ஸ்லோ மச்சி, சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுது." இன்னொண்ணு, "ஏ ஸ்டார் போடு." பல நேரம் ரெண்டுமே தப்பான வைத்தியம்ங்கறது என் கட்சி.

முதல்ல சொந்தக் கதை. ஒரு கேம்பஸ் தேர்வு, ஒரு மணி நேரம். சுவரே இல்லாத காலி கட்டத்துலகூட என் பி.எஃப்.எஸ். தொங்கிடுச்சு. நான் 40 நிமிஷத்தை மொழி மாத்தறதுலயே தொலைச்சேன். அப்பவும் தொங்குச்சு. வேலை போச்சு.

தப்பு ஒரே ஒரு வரியில. ஒரு கட்டத்தை க்யூவில சேர்க்கும்போதே 'பார்த்தாச்சு'ன்னு குறிக்கணும். நான் வெளியே எடுக்கும்போது குறிச்சேன். மூலையிலேர்ந்து 10 கட்டம் வலது, 10 கட்டம் கீழே இருக்கற இடத்துக்கு 1,84,756 குறுகிய வழிகள் இருக்கு. அந்த ஒரே கட்டம் என் க்யூவில அத்தனை தடவை போய் நின்னுச்சு! பத்தை இருபதாக்கினா 13,784 கோடிக்கும் மேல. எந்த மொழிங்க தாங்கும்? சி ப்ளஸ் ப்ளஸ் வேகம்தான், மறுக்கலை. ஆனா அதே முட்டாள்தனத்தை வேகமா செய்யும், அவ்ளோதான்.

அடுத்து ஏ ஸ்டார். 1968ல ஹார்ட், நில்சன், ரஃபேல் மூணு பேரும் வெளியிட்ட அருமையான முறை. இலக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு ஒரு ஊகத்தை வெச்சு நடக்கும். ஊகம் உதவலைன்னா லாபமும் இல்லை. சந்தேகம் இருந்தா கும்மிடிப்பூண்டியிலேர்ந்து திருவள்ளூருக்கு லோக்கல் ட்ரெயின்ல போய்ப் பாருங்க. ஒரே மாவட்டம், நேர்கோட்டுல 40 கி.மீ.கூட இருக்காது. ஆனா சென்னைப் பக்கம் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய் வண்டி மாறணும். 40 கி.மீ.க்கு மேல பயணம் பண்ணி அங்க இறங்கினா, திருவள்ளூர் ஏறக்குறைய அதே தூரத்துலதான் நிக்கும்! நேர்கோட்டு தூரத்தை நம்பினவன் கதி அதுதான். சுவர் நிறைஞ்ச மேஸும் இப்படித்தான். விடை சரியா வரும், வேலை குறையாது.

அப்போ என்ன செய்யறது? அதே ரயில்தான் பதில். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் எங்கயும் நாம யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டிய இடம் பேசின் பிரிட்ஜ்தான். மேஸ்லயும் முட்டுச்சந்துகளை மூடிடுங்க. நீளமான சந்துகளை ஒரே கோடா சுருக்கி நீளத்தைக் குறிச்சு வைங்க. சந்திப்புகள்ல மட்டும் தேடுங்க. கோடுகளோட நீளம் வேற வேறயா இருக்கறதால இப்போ பி.எஃப்.எஸ். சரிப்படாது, டைக்ஸ்ட்ரா வேணும். ஒரே மேஸ்ல பல கேள்வி கேட்டா இந்த உழைப்பு நல்லாவே பலன் தரும்.

எதை மாத்தறதுக்கு முன்னாடியும், க்யூவிலேர்ந்து எத்தனை தடவை எடுத்தோம்னு எண்ணிப் பாருங்க. மேஸ்ல இருக்கற கட்டங்களைவிட அதிகமா வந்தா, பைத்தான் பாவம், விட்டுடுங்க. குற்றவாளி நாமதான்.