வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே

“நியமனக் கடிதம் இல்லாதவனுக்கு வழக்கு ஏது?” என்னும் பேச்சு கற்பிட்டிக் கரையெங்கும் வேதவாக்காக உலவி வருகிறது. அண்மையில் ஆலங்குடாவின் சுற்றுலா விடுதியொன்றில், பல பருவங்கள் சமையற்கட்டில் உழைத்த இளைஞனொருவனை, “நாளைக்கு வர வேண்டாம்” என்று அனுப்பிவிட்டபோது, ஊர்ப் பெரியவர்கள் அவனுக்கு ஆறுதலாகச் சொன்னதும் இதுவே. முதலாளியின் அநீதியிலும் இந்த ஆறுதலே என் மனத்தை அதிகம் எரித்தது. அநீதி ஒருவனுடைய சீவனத்தைப் பறித்தது, ஆறுதலோ ஊரார் அனைவரையும் தம் உரிமையைத் தம் வாயாலேயே துறக்கச் செய்கிறது.

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், தொழிலாளி யாரென்று வரையறுக்குமிடத்தில், எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கும் வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் பேதம் பாராட்டவில்லை. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே! 1957இல் அச்சட்டத்தைத் திருத்தித் தொழில் நியாய சபைகளை நிறுவிய பாராளுமன்றம், சேவை ஒப்பந்தத்தில் மாறாக எது கண்டிருப்பினும் நிவாரணம் அளிக்கும் அதிகாரத்தை அவற்றுக்கு வழங்கியது. எழுதிய கடிதத்தையே கடந்து நியாயம் செய்ய வல்ல சபை, கடிதம் இல்லையென்பதற்காகவா கதவடைக்கும்? சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்கும் கட்டுப்படாத அச்சபையில், உடனுழைத்தவரின் வாய்ச்சொல்லுக்கும் இடமுண்டு. அச்சபைத் தலைவர்களின் நியமனமே செல்லாதென்ற வாதம் இலண்டன் வரை சென்று, 1967இல் ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கத்தின் மேன்முறையீட்டில் பிரிவி கவுன்சிலால் நிராகரிக்கப்பட்டது. அத்தனை எதிர்ப்பையும் தாங்கி நிலைத்த சபையை, நம்மவர் தேநீர்க்கடை வாங்கிலிருந்தபடியே கலைத்துவிடுகிறார்கள்.

இந்த மூடநம்பிக்கையின் நிழலில் வேறு அக்கிரமங்களும் வளர்கின்றன. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12 செலுத்த வேண்டுமென்பது 1958 முதல் நிலவும் சட்டத்தின் விதி. ஆயினும் பெயரைப் பதியாமலே உழைப்பை வாங்கி, முதுமைக்குரிய பொருளை விழுங்குவோர் இக்கரையில் கனவான்களாய்த் திரிகின்றனர். கடிதம் கொடாதது முதலாளியின் குற்றமாயிருக்க, அதற்குத் தண்டனை தொழிலாளிக்கென்று தீர்ப்பளிக்க நாம் யார்?

வேலை நீங்கிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே சட்டம் விதித்த எல்லை. “வழக்கு ஏது?” என்று கேட்டுக் கேட்டே அந்த ஆறு மாதங்களையும் கழிப்பவன்தான் உண்மையில் வழக்கில்லாதவன் ஆகிறான். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. விண்ணப்பம் மட்டும் தவணைக்குள் சேர வேண்டும்.