செவி ஓர் அமானிதம்



வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்கு ஓதல் பாடம் ஒலிப்பதிவு செய்து அனுப்பும் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார்: “மௌலவி, ஹெட்போன் ஒன்று வாங்க வேண்டும். முழுக்க மூடியது, அரைவாசி திறந்தது என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எது நல்லது?”

இரண்டும் நல்லவைதான். எதற்காக வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே தெரிவு அமைய வேண்டும்.

மூடிய வகையில் காதை மூடும் கிண்ணத்தின் பின்புறம் அடைக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தம் குறைவாகவே உள்ளே வரும். உள்ளிருக்கும் ஓசையும் அவ்வளவாக வெளியே போகாது. அரைவாசி திறந்த வகையில் பின்புறத்தில் சிறு துவாரங்கள் இருக்கும். ஓசை இயல்பாகவும் விரிந்தும் கேட்கும். காதும் அதிகம் புழுங்காது. ஆனால் ஓசை வெளியே கசியும். பேயர்டைனமிக் நிறுவனத்தின் டீ.டீ. 770 மூடிய வகை, டீ.டீ. 880 அரைவாசி திறந்த வகை.

காரி ஒருவரின் கிராஅத்தைக் காதில் கேட்டபடி நீங்களும் ஓதிப் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரைவாசி திறந்ததை அணிந்திருந்தால் அவரது குரலும் கசிந்து ஒலிவாங்கியில் பதிந்துவிடும். பின்னர் அதைப் பிரித்தெடுப்பது கடினம். எனவே பதிவு செய்யும்போது மூடியதே ஏற்றது.

பதிவு முடிந்த பின் மணிக்கணக்கில் கேட்டுத் திருத்துவதற்கு அரைவாசி திறந்தது இலகுவானது. மூடியவற்றுள் சில, கனத்த ஓசையை மிகைப்படுத்திக் காட்டும். அப்போது ஸீன், ஸாத் போன்ற எழுத்துகளின் நுட்பமான வேறுபாடு மங்கிப் போகலாம். தஜ்வீத் கற்பிப்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

இன்னொன்றையும் யோசியுங்கள். தொட்டிலில் குழந்தை, அடுப்பில் சோறு, வாசலில் யாரோ ஸலாம் சொல்லும் சத்தம். மூடியதை அணிந்த உம்மாவுக்கு இவை எட்டாமலே போகலாம். வீட்டில் வேறு பெரியவர் இல்லாத நேரத்தில் அரைவாசி திறந்ததே பாதுகாப்பு. அதிலும் ஓசையைக் கூட்டி வைத்தால் பயனில்லை.

முந்தானைக்கு மேல் ஹெட்போனை அணியாதீர்கள். இடையில் துணி இருந்தால் கிண்ணம் காதோடு சரியாகப் பொருந்தாது. வெளிச்சத்தம் நுழையும், கனத்த ஓசை குறையும், நாம் அறியாமலே சத்தத்தைக் கூட்டிவிடுவோம்.

எந்த வகையானாலும் அளவு முக்கியம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்துள்ளது. உட்காதிலுள்ள நுண்ணிய மயிர்க் கலங்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலான பஸ்ஸில் திறந்த வகையை அணிந்து சத்தத்தைக் கூட்டும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

செவி, பார்வை, உள்ளம் ஆகியவை பற்றி நாம் விசாரிக்கப்படுவோம் என்று ஸூரத்துல் இஸ்ராவின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. எதைக் கேட்டோம் என்பதற்கு மட்டுமல்ல, கேட்கும் சக்தியை எப்படிப் பேணினோம் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றே நான் அஞ்சுகிறேன்.

அல்லாஹ் நம் செவிகளையும் நம் பிள்ளைகளின் செவிகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.