"உனக்குக் கீழே இருக்கிறவங்களைப் பாரு": இந்த மருந்து வேலை செய்யாது

1/ ப்ளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட் வந்த வாரங்கள்ல ஓபிக்கு சிலர் வருவாங்க. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கலை. ஈசிஜி நார்மலா இருக்கும். கொஞ்சம் பேசினா உண்மை வெளிய வரும்: "சித்தப்பா பையனுக்கு சீட் கிடைச்சிருச்சு சார்."

2/ இது பசங்க வியாதி மட்டும் இல்லைங்க. சம்பளம், வீடு, வரன்னு எல்லா வயசுலயும் இருக்கு. என்னை மாதிரி எம்பிபிஎஸ் டாக்டரையும் "மேல எதுவும் படிக்கலையா?"ன்னு கேட்பாங்க.

3/ இதுக்கு ஊர்ல ஒரு மருந்து சொல்லுவாங்க: "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்களைப் பாரு." வலி மாத்திரை மாதிரி ரெண்டு நாள் கேட்கும். ஆனா கையில இருக்கிற தராசு அப்படியேதான் இருக்கு. மேல பார்த்தா ஏக்கம், கீழ பார்த்தா மிதப்பு.

4/ என் கிறிஸ்தவ நம்பிக்கை எனக்கு உதவினது இங்கதான். லூக்கா 18ல இயேசு சொன்ன கதையில, ஒரு பரிசேயர் கோயிலுக்குப் போய், தூரத்துல நின்ன வரி வசூலிக்கிறவரைப் போல தான் இல்லைன்னு கடவுளுக்கு நன்றி சொல்றார். நாம் சொல்ற அதே மருந்து! அந்த ஜெபத்தை இயேசு ஏத்துக்கலை.

5/ யோவான் 21ல பேதுருவுக்குப் பெரிய பொறுப்பு கிடைக்குது. உடனே அவர் திரும்பி, பின்னால வந்த சீடரைக் காட்டி, இவருக்கு என்ன ஆகும்னு கேட்கிறார். அவர் விஷயம் உனக்கெதுக்கு, உன் பாதையில நீ வான்னு இயேசு சொல்லிடறார்.

6/ நம்ம அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போயிருப்பீங்க. வீரமாமுனிவர் வாழ்ந்து பணி செஞ்ச ஊர். அவர் எழுதின தேம்பாவணியில 3,615 பாடல்கள். அதோட தலைவன் அரசனோ வீரனோ இல்லை, சூசையப்பர்ங்கிற ஒரு தச்சர். நாலு நற்செய்தியிலயும் அவர் பேசினதா ஒரு வார்த்தைகூட இல்லை. ஊர் கண்ணுக்கு எந்த ரேங்க் லிஸ்ட்லயும் வராத மனுஷன். தனக்குன்னு கொடுத்த வேலையைச் செஞ்சு முடிச்சார், அவ்வளவுதான்.

7/ ஒரு விஷயத்துல மட்டும் குழப்பிக்காதீங்க. நியாயம் கேட்கிறது பொறாமை இல்லை. ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்கிற சிமெண்ட் ஆலை ஒப்பந்தத் தொழிலாளி கேட்கிறது உரிமை. 2022ல அரியலூருக்கு வந்த அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி பெரம்பலூருக்கும் வேணும்னு கேட்கிறதும் அப்படித்தான். அடுத்தவனுக்குக் கிடைச்சதால நான் சின்னவன் ஆயிட்டேன்னு நினைக்கிறதுதான் வியாதி.

8/ பிபி பார்க்கும்போது பக்கத்து பெட்காரரோட பிபியை வச்சு நாங்க மருந்து கொடுக்கிறதில்லை. உங்க போன மாச அளவைத்தான் பார்க்கிறோம். உங்க வாழ்க்கையையும் அப்படியே பாருங்க. வேற நம்பிக்கை உள்ளவங்களும், நம்பிக்கை இல்லாதவங்களும் இதைச் செய்யலாம்.

9/ ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்லைன்னா, வாழப் பிடிக்கலைன்னு தோணினா, ஜெபத்தோட நிறுத்திக்காதீங்க. உடனே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாங்க. 14416க்கு எந்த நேரமும் இலவசமா கூப்பிடலாம். பெத்தவங்களே, ரிசல்ட் அன்னைக்கு பக்கத்து வீட்டு மார்க்கை மட்டும் விசாரிக்காதீங்க. பிள்ளை சாப்பிட்டுச்சான்னு கேளுங்க.