ஃபுல்நெக் நகரில் மூன்று நாட்கள்



கடந்த ஆண்டு வியன்னாவில் நடந்த பயிற்சி ஒன்றுக்குப் போனபோது, மூன்று நாட்களை மிச்சம்பிடித்து செக் குடியரசிலுள்ள ஃபுல்நெக் என்ற சிறு நகருக்கும் போய் வந்தேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் வன்னியில் எங்களோடு பணியாற்றிய மிஷனரித் தம்பதியினர் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். நான் அவர்களை அன்றுபோலவே அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஃபுல்நெக்கில் ஆறாயிரம் பேர்கூட இல்லை. குன்றின்மேல் பழைய மாளிகை, கீழே ஒரு சதுக்கம், பெரிய தேவாலயம், அவ்வளவுதான். மிஷனரிகள் என்றதும் எங்களுக்கு 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை போன்றவை நினைவுக்கு வரும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்து ஜெபிக்கிறார்கள். 2021 குடிசன மதிப்பீட்டில் செக் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமக்கு மதமில்லை என்று பதிந்தார்கள். பத்தில் மூன்று பேர் அந்தக் கேள்விக்குப் பதிலே அளிக்கவில்லை. “இங்கே கதவைத் தட்டிப் போதித்தால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். பாணும் சூப்பும் கொண்டு போனால் திறப்பார்கள்” என்று அக்கா சிரித்தார். எனக்கு அந்த வழிதான் பிடித்திருந்தது.

அந்த ஊரில் ஒரு நினைவு இல்லம் இருக்கிறது. யான் ஆமொஸ் கொமென்ஸ்கி என்பவருடையது. உலகம் அவரைக் கொமேனியஸ் என்று அறியும். 1592இல் பிறந்த இவர், 1618 முதல் 1621 வரை ஃபுல்நெக்கில் போதகராகவும் பாடசாலைப் பொறுப்பாளராகவும் இருந்தார். முப்பதாண்டு யுத்தம் தொடங்கிய காலம் அது. படைகள் ஊருக்குள் வந்தபோது அவர் தப்பியோட வேண்டியதாயிற்று. 1622இல் கொள்ளைநோயில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டு அவருடைய புத்தகங்களை இதே ஊரில் எரித்தார்கள். 1628இல் நாட்டைவிட்டுப் போனவர் திரும்பி வந்து குடியிருக்கவே இல்லை. போலந்தில் தங்கியிருந்த லெஷ்னோ நகரமும் 1656இல் எரிந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டு எழுதிய கையெழுத்துப் பிரதிகள் அதில் அழிந்தன. அதற்குப் பிறகும், 1658இல், பிள்ளைகள் படம் பார்த்துச் சொல் படிக்கும் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளைப் போலவே படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது அவர் பெயரைக் கல்விபற்றிய ஒரு வரியில் கடந்து போயிருந்தேன். அவர் ஒரு இடம்பெயர்ந்த தகப்பன் என்று அந்த வரி சொல்லவில்லை. இன்று செக் நாட்டின் 200 குரோனா தாளில் அவர் முகம் இருக்கிறது. அவர் பிறந்த மார்ச் 28ஆம் திகதிதான் அங்கே ஆசிரியர் தினம்.

அக்காவின் வாடகை வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1945 வரை இந்த ஊரில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஜேர்மன் மொழி பேசியவர்கள். நாசிகளின் ஆக்கிரமிப்பில் செக் மக்களும் யூதர்களும் பட்ட கொடுமை மிகப் பெரியது. யுத்தம் முடிந்ததும் அதற்கான பழி ஜேர்மன் மொழி பேசிய எல்லோர்மீதும் விழுந்தது. நாடு முழுவதிலுமிருந்து சுமார் 30 இலட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். குழந்தைகளும் கிழவிகளும் அதில் அடக்கம். அந்த வீடுகளில் வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். வீட்டுக்காரரின் பேரனார் பேத்தியார் அப்படி வந்தவர்கள்தானாம். எழுபத்தைந்து வருடங்களுக்கு மேலாக வாழ்ந்துவிட்டால் வீடு யாருடையது? காணிக்காக இன்னும் அலைந்து திரியும் உங்களில் பலரை நினைத்தேன். பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் அக்காவின் மொழி வகுப்புக்குப் போனேன். 2022இல் யுக்ரைன் யுத்தம் தொடங்கியபின் செக் நாட்டுக்குள் இலட்சக்கணக்கானோர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். வகுப்பில் எட்டுப் பெண்கள். ஒருவர் ஆசிரியையாக இருந்தவர், இப்போது தொழிற்சாலையில் பொதி கட்டுகிறார். தேநீர் குடிக்கும்போது இன்னொருவர் என் அருகே வந்து இருந்தார். அவருடைய கணவர் போர்முனையில் காணாமல் போய் ஒன்றரை வருடம். நான் எங்கிருந்து வருகிறேன் என்பதை அக்கா சொல்லியிருந்தார்.

“உங்கள் ஊரில் பெண்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள்?” என்று கேட்டார்.

குறைத்துச் சொல்ல என் நாக்கு வளையவில்லை. 2009இலிருந்து தேடுகிறார்கள், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் வீதியோரம் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், பதில் கிடைக்காமலே கண்ணை மூடிய தாய்மாரும் உண்டு என்றேன். அக்கா மொழிபெயர்க்கச் சிறிது நேரம் எடுத்தார். அந்தப் பெண் அழவில்லை. “அவர்கள் என்ன கடதாசிகள் வைத்திருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார்.

உங்களிடம் பார்த்துப் பழகியவற்றைச் சொன்னேன். படம், அடையாள அட்டைப் பிரதி, கடைசியாகக் கண்டவரின் பெயர், கொடுத்த ஒவ்வொரு முறைப்பாட்டின் பிரதியும் திகதியும், எல்லாம் ஈரம் படாத உறையில். அவர் கைப்பையைத் திறந்தார். அதற்குள்ளும் அதேபோல ஒரு உறை. கடைசியாகத் தொலைபேசியில் பேசிய நாளை மட்டும் அவர் எழுதி வைத்திருக்கவில்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து அதையும் எழுதினார்.