சொல்லும் சார்பும்

ஒரு மொழியைக் கற்பதாவது அம்மொழியின் சொற்களை இயன்ற மட்டும் மனத்திற் சேர்த்து வைத்துக்கொள்வதே என்று எண்ணுவோர் பலர். சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள ஊர்களில் மாலை வேளையில் நடந்து சென்றால், வீட்டுத் திண்ணைகளிலும் விடுதிக் கூடங்களிலும் ஆங்கிலச் சொல் ஒன்றையும் அதற்கு நேராகத் தமிழ்ப் பொருள் ஒன்றையும் மாறிமாறி உரக்கச் சொல்லி உருவேற்றும் மாணவரின் குரலைக் கேட்கலாம். அவ்வுழைப்புக் குறை கூறத்தக்கதன்று. ஆயினும், அவ்வாறு பத்தாண்டுகள் ஆங்கிலம் கற்று, தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்று வெளிவரும் இளைஞர், தம் வீட்டிற்கு வரும் ஆங்கிலத் தாள் ஒன்றைப் படித்துப் பொருள் கூற இயலாது திகைப்பதும் அங்குக் காணும் காட்சியே. உழைப்பு இருந்தும் பயன் விளையாமைக்குக் காரணம் யாது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. லாரி வாங்குவோர் பெரும்பாலும் கடன் பெற்றே வாங்குவர். கடன் பத்திரம் பல வேளைகளில் ஆங்கிலத்தில் அமைந்திருக்கும். கையொப்பம் இடுவதற்கு முன், தந்தை தம் மகளை அழைத்து, அதில் எழுதியிருப்பது யாது என்று பார்த்துச் சொல்லுமாறு கேட்கிறார் என்று கொள்வோம். பத்திரத்தில் 'இன்டரஸ்ட்' என்னும் சொல் வருகிறது. மகள் பள்ளியில் உருவேற்றிய பொருள் 'ஆர்வம்' என்பது. அடுத்து 'செக்யூரிட்டி' வருகிறது. அவள் அறிந்த பொருள் 'காவல்'. பின்னர் 'பார்ட்டி' வருகிறது. அதற்கு அவள் அறிந்தது 'விருந்து'. ஆர்வம், காவல், விருந்து ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தால், விழா அழைப்பிதழ் கிடைக்குமேயன்றிக் கடன் பத்திரம் கிடைக்காது. அவ்விடத்தில் அச்சொற்களுக்குப் பொருள் முறையே வட்டி, ஈடு, ஒப்பந்தம் செய்துகொள்ளும் தரப்பினர் என்பனவாகும். மூன்றும் அவள் அறியாத சொற்கள் அல்ல. அறிந்த சொற்களே அவளைக் கைவிட்டன. தவணை தவறினால் வண்டியை யார் எடுத்துக்கொள்ளலாம், பிணை நின்ற சிற்றப்பனோ மாமனோ எவ்வளவு செலுத்த வேண்டும் என்பனவெல்லாம் அத்தாளில்தான் அடங்கியுள்ளன.

இவ்விடர்ப்பாடு ஆங்கிலத்திற்கே உரியது என்று கொள்ளலாகாது. ஒரு சொல் பல பொருள் தருதல் எல்லா மொழிக்கும் இயல்பு. தமிழில் 'மா' என்பது மரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும், அரிசியை இடித்துப் பெறும் மாவையும் குறிக்கும். இத்தகைய சொற்களின் பொருளைத் துணியும் வழியைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் வகுத்துள்ளார். அச்சொல்லோடு சேரும் வினை ஒன்று. அதனோடு உடன் நிற்கும் இனமான சொல் ஒன்று. அது வழங்கும் சூழலாகிய சார்பு ஒன்று. இம்மூன்றும் பொருளைக் காட்டிவிடும் என்பது அவர் கருத்து. மா பூத்தது என்றால் மரம் என்பது வினையால் விளங்கும். மாவும் பலாவும் என்றால் இனத்தால் விளங்கும். போர்க்கோலம் பூண்டு நிற்பவன் மாவைக் கொண்டுவருமாறு ஏவினால், அது குதிரை என்பது சார்பினால் விளங்கும். தமிழுக்கென்று எழுதிய இவ்விதி ஆங்கிலத்திற்கும் அப்படியே பொருந்துகிறது. 'இன்டரஸ்ட்' என்பதனோடு விழுக்காடும் தவணையும் உடன் நின்றால், அங்கு ஆர்வத்திற்கு இடம் ஏது?

படியாதவர் என்று உலகம் கூறும் தொழிலாளர் இவ்விதியைப் பெயர் அறியாமலேயே கையாளுகின்றனர். நாமக்கல்லில் லாரிக்குப் 'பாடி' கட்டும் பட்டறைகள் பல உண்டு. 'பாடி கட்டுகிறார்கள்' என்றால் வண்டியின் மேற்கூடு என்று அங்குள்ள சிறுவனும் அறிவான். மருத்துவமனை வாயிலில் 'பாடியை வாங்கிச் சென்றார்கள்' என்றால் உயிர் நீத்தவரின் உடல் என்று அவனே அறிவான். சொல் ஒன்றே, கட்டுதலும் வாங்குதலும் ஆகிய வினைகள் பொருளைப் பிரித்துவிட்டன. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்பவருக்குக் 'கேசிங்' என்பது வெறும் ஒலியன்று. மேல்மண் சரிந்து விழாதவாறு துளைக்குள் இறக்கும் குழாயை அவர் கண்ணாற் கண்டு கையால் தொட்டிருக்கிறார். அச்சொல்லோடு 'இறக்கு' என்னும் வினை சேரும் என்பதையும் அறிவார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் நூறோ இருநூறோ ஆகலாம். அவற்றுள் ஒன்றேனும் தடுமாற்றம் தருவதில்லை. பள்ளி மாணவருக்கு ஆயிரம் சொற்கள் தெரியும்; அவை எப்பொருளோடும் எவ்வினையோடும் ஒட்டாமல் தனித்து நிற்கின்றன.

அவ்வாறாயின் மனப்பாடமே தீது என்று முடிவு கட்டலாமோ? அது பொருந்தாது. பழைய திண்ணைப் பள்ளிகளில் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை மாணவர் மனப்பாடம் செய்தனர். பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்ட அந்நூலின் பதினோராம் தொகுதி ஒருசொல் பலபொருளைப் பற்றியதே. ஆனால் நிகண்டோடு நின்றவர் எவரும் புலவர் ஆகவில்லை. அதனோடு கூடவே அந்தாதியும் பிள்ளைத்தமிழும் காப்பியமும் ஆசிரியரிடம் பாடம் கேட்டனர். நிகண்டிற் கற்ற சொல் செய்யுளில் எவ்வாறு வழங்குகிறது என்பதை அன்றாடம் கண்டனர். இக்காலத்து ஆங்கிலப் பயிற்சியில் நிகண்டு மட்டும் எஞ்சியது. பாடம் கேட்டல் மறைந்தது.

இக்குறை தேர்வு அறையில் வெளிப்படுவதில்லை என்பதே வியப்பு. பின்வரும் தொடரை நோக்குக: 'துமரை பொழுவியமையால் குமிலன் தாவரையில் நெழித்தான்.' இதில் வரும் சொற்களுக்குத் தமிழில் பொருளே இல்லை. இனிக் குமிலன் எங்கே நெழித்தான் என்று வினவினால், தாவரையில் நெழித்தான் என்று விடை எழுதலாம். ஏன் நெழித்தான் என்றால், துமரை பொழுவியமையால் என்று எழுதலாம். இரண்டிற்கும் முழு மதிப்பெண் கிடைக்கும். பத்தியைக் கொடுத்து வினாக் கேட்கும் ஆங்கிலத் தேர்வில் மாணவர் பலர் செய்வது இதுவே. வினாவில் உள்ள சொல் பத்தியில் எங்கு வருகிறது என்று தேடி, அவ்வரியைப் பெயர்த்து எழுதிவிடுகின்றனர். கண்ணும் கையும் வேலை செய்கின்றன, கருத்து உறங்குகிறது.

நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் எழுந்த விடுதிப் பள்ளிகள் பிற மாவட்டங்களிலிருந்தும் மாணவரை ஈர்த்தன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் அப்பகுதி மாணவர் பலர் மாநிலத் தரவரிசையில் இடம் பெற்றனர். உழவர், நெசவாளர், வண்டியோட்டுவோர் ஆகியோரின் பிள்ளைகள் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் நுழைய அம்மதிப்பெண்கள் உதவின என்பதை மறுப்பதற்கில்லை. அப்பெருமையைக் குறைத்துப் பேசுவது நன்றியறிதலும் ஆகாது. தரவரிசை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டது. ஆயினும் மதிப்பெண்ணுக்காகவே பத்தியைப் புரட்டும் பழக்கம் அதனோடு போய்விடவில்லை. கல்லூரியில் ஆங்கில நூலைத் திறந்து, முதற் பக்கத்திலேயே அம்மாணவர் தடுமாறும்போது, பள்ளியிற் பெற்ற மதிப்பெண் துணைக்கு வருவதில்லை.

அயல்மொழி மாணவருக்கு எது முதற்கண் வேண்டும் என்பதைப் பிரிவினைக்கு முற்பட்ட வங்காளத்தில் இருந்து ஆராய்ந்தவர் மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர். டாக்கா நகரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இருந்த அவர், வங்காளச் சிறுவர் இருமொழி கற்கும் நிலையைக் குறித்து 1926இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளியை இடையிலே விட்டு நீங்கும் மாணவரே மிகப் பலர் என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். ஆயுள் காப்பீட்டை இடையில் நிறுத்தி ஒப்படைப்பவருக்கு ஒரு தொகை கிடைப்பது போல, படிப்பை இடையில் நிறுத்துபவருக்கும் கையில் ஏதேனும் எஞ்ச வேண்டும் என்றார். பேசக் கற்கத் தொடங்கி நடுவில் நின்றவருக்கு எஞ்சுவது சிறிது. படிக்கக் கற்றவருக்கு எஞ்சுவது மிகுதி என்பது அவர் துணிபு. ஆங்கிலம் பேசப் பழக்குவதாகச் சுவர்தோறும் விளம்பரம் ஒட்டும் இந்நாளிலும் அது எண்ணத் தக்கது. நாமக்கல்லைச் சுற்றியுள்ள சிற்றூர் மாணவர் ஆங்கிலத்திற் பேச வேண்டிய நாள் அரிது. ஆங்கிலத் தாளைப் படிக்க வேண்டிய நாள் பல.

அவரே 1953இல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்ட பட்டியல் ஒன்றையும் வெளியிட்டார். எண்ணிக்கையைவிட அதன் அமைப்பே சிறப்புடையது. ஒரு சொல் எந்தெந்தப் பொருளில் எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்பதும் அதில் குறிக்கப்பட்டது. சூடாமணியின் பதினோராம் தொகுதியைக் கற்றவருக்கு இவ்வமைப்புப் புதுமையாகத் தோன்றாது.

இனிப் படிக்கும் முறை. ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி வினை வரும். தமிழில் வினை இறுதியில் வரும். 'நேற்று வந்த பையன்' என்று தமிழ் கூறுவதை, ஆங்கிலம் பையனை முன்னே நிறுத்தி, நேற்று வந்தமையைப் பின்னே சொல்லும். ஆதலால் சொல்லுக்குச் சொல் பொருள் வைத்துக்கொண்டே போனால் தொடரின் பொருள் சிதறிவிடும். கொண்டுகூட்டுப் பொருள்கோளாக அமைந்த செய்யுளைப் படிப்பவர், முதலில் வினைமுற்றைத் தேடிப் பிடித்து, அதற்குரிய எழுவாயை அடுத்துக் கண்டு, எஞ்சியவற்றை அவற்றோடு பொருத்துவார். நீண்ட ஆங்கிலத் தொடருக்கும் அதுவே வழி. தொடர் முழுவதையும் ஒருமுறை நிறுத்தாமற் படித்து, பின்னர் வினையும் எழுவாயும் கண்டு, அதன் பின்னரே அறியாத சொல்லுக்கு வர வேண்டும். பெரும்பாலும் அதற்குள் அச்சொல்லின் பொருள் பாதி விளங்கியிருக்கும்.

எஞ்சிய பாதிக்கு அகராதி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் வெளியிட்ட ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியம் ஒரு சொல்லுக்குப் பல பொருள்களை அடுக்கித் தருகிறது. மாணவர் பலர் முதலில் நிற்கும் பொருளை எடுத்துக்கொண்டு அகராதியை மூடிவிடுகின்றனர். எப்பொருள் அத்தொடரின் வினைக்கும் இனத்திற்கும் சார்பிற்கும் இயைகிறது என்று பார்த்த பிறகல்லவோ மூட வேண்டும்? குறிப்பேட்டிலும் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாமல், அச்சொல் வந்த தொடர் முழுவதையும் எழுதி வைத்துக்கொள்வது நன்று.

ஆயினும் பக்கந்தோறும் இருபது சொற்களுக்கு அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தால், எவரும் சோர்ந்துவிடுவர். நியூசிலாந்து அறிஞர் பால் நேஷனும் அவருடன் ஆராய்ந்தவரும் 2000ஆம் ஆண்டில் இதனை அளந்து பார்த்தனர். பிறர் துணையின்றி ஒரு கதையை நன்கு விளங்கிக்கொள்ள அதன் சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டனர். அஃதாவது, ஐம்பது சொற்களுக்கு அறியாத சொல் ஒன்று என்னும் அளவு. இதன்படி நோக்கினால், ஒன்பதாம் வகுப்பு மாணவர் பலருக்கு ஆங்கில நாளிதழ் ஏற்ற நூலன்று. ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலையும், சிறுவர் கதைநூல்களையும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடிப்பதே அவருக்கு ஏற்றது. கீழ்வகுப்பு நூலைப் படிப்பது இழிவு என்று நாணுவோர் உண்டு. விடுமுறை நாளில் தம்பி தங்கையருக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு படித்தால் அந்நாணமும் எழாது.

தேர்வும் மாறுதல் வேண்டும். பத்தியில் உள்ள சொற்களை மீண்டும் வினாவில் வைக்காமல், வேறு சொற்களால் வினவலாம். அதனினும் நன்று, செய்யுளுக்குப் பொழிப்புரை எழுதச் சொல்வது போல, ஆங்கிலப் பத்தியின் கருத்தைத் தமிழில் நான்கு வரியில் எழுதுமாறு பணிப்பது. குமிலனைப் பற்றிய தொடருக்கு எவரும் பொழிப்புரை எழுத இயலாது. இம்முறையை ஆசிரியர் சிலர் விரும்பார் என்பது உண்மையே. பெயர்த்தெழுதிய விடைகள் ஐம்பதும் ஒரே வகையாக இருத்தலின், அவற்றை விரைவில் திருத்திவிடலாம். பொழிப்புரை ஐம்பதும் ஐம்பது வகையாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஆசிரியர் அமர்ந்து படித்தாக வேண்டும்.