ஸீஸன் இல்லாத குற்றாலம்

குற்றாலத்தில் ஸீஸன் என்றால் ஆனி, ஆடி, ஆவணி என்று நம் வீட்டுக் குழந்தைகளும் சொல்லும். ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று சாரலைக் கொண்டுவந்து தூவும் காலம் அது. புரட்டாசி பிறந்ததும் ஜனங்கள் பங்களாக்களைப் பூட்டிச் சாவியைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வீடுகளின் கதி என்ன என்று நானும் யோசித்ததில்லை. 2023-ஆம் வருஷம் என் அண்ணாச்சி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் இருவருக்கும் பொதுவான ஸீஸன் வீட்டிலேயே வருஷம் முழுவதும் வாசம் செய்யப் போவதாக அறிவித்த பிறகுதான் யோசித்தேன்.

"ரசிகமணி டி.கே.சி. அங்கே இருக்கவில்லையா?" என்றார் அண்ணாச்சி. இருந்தார், 1954-ல் காலமாகும் வரையில் இருந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சியைத் தேடி வந்தவையோ குரங்குகள். ஸீஸன் கூட்டம் போட்ட பழத்தைத் தின்று பழகியவை, கூட்டம் போனதும் பசியோடு கூரைமேல் ஏறி ஓடுகளைப் பிரித்துப் பார்த்தன.

ஸீஸன் வீடு மேல்காற்றை அனுபவிப்பதற்கென்றே கட்டப்பட்டது. மேற்கே பெரிய ஜன்னல்கள். கிழக்கே, அசட்டையாக, அடுக்களை. ஐப்பசி மழையோ வங்காளக் குடாவிலிருந்து புறப்பட்டுக் கிழக்கிலிருந்து அடிக்கிறது. எங்கள் அடுக்களைக்கு இறவாரம் ஒரு முழந்தான். சாரல் பன்னீர் தெளிப்பது போல என்றால், இது குடத்தோடு கவிழ்ப்பது! உப்பு ஜாடியிலேயே கரைந்தது; அப்பளம் வெற்றிலை போலத் துவண்டது; புஸ்தகங்களில் பூசணம் பூத்தது. மதினி கங்குச் சட்டியின்மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியை உலர்த்தினாள். புரட்டாசியிலேயே விறகைப் பரணில் ஏற்றாதது பெரும் பிசகு என்று பிறகுதான் தெரிந்தது. கடைகளில் பாதி மூடிக் கிடந்தன. ஒரு சாமானுக்கும் தென்காசிக்குத்தான் போகவேண்டும்.

இறவாரத்தை நீட்ட என் பங்குப் பணத்தைக் கேட்டு அண்ணாச்சி கார்த்திகையில் கடிதம் எழுதினார். மூன்று மாதம் தங்கும் வீட்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று பதில் எழுதினேன். டிஸம்பர் 16-ஆம் தேதி, பெருமழை வரும் என்று கேட்டதும், "வண்ணார்பேட்டைக்கு வந்துவிடுங்கள். அந்த ஓட்டு வீட்டை நம்பாதீர்கள்" என்று டெலிபோனில் மன்றாடினேன். அண்ணாச்சி அசையவில்லை.

மறுநாள் மார்கழி முதல் தேதி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு ரயில் நின்றுவிட்டது. பொருநை கரை புரண்டு, கொக்கிரகுளம், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று தாழ்ந்த இடமெல்லாம் புகுந்தது. எங்கள் கூடத்தில் தொடையளவு தண்ணீர். குழந்தைகளோடு எதிர்வீட்டு மாடியில், விளக்கில்லாமல் இரண்டு இரவுகள் கழித்தோம். அண்ணாச்சியும் மதினியும் என்ன ஆனார்களோ என்று என் மனைவி அழுதாள். டெலிபோன் செத்துக் கிடந்தது.

மூன்றாம் நாள் அண்ணாச்சியின் குரல் கேட்டது. "பேரருவியின் இரைச்சலில் ஜன்னல் அதிர்கிறது. ஏழு இடத்தில் ஒழுக்கு. ஆனால் மேட்டிலே தண்ணீர் எங்கே தங்குகிறது? எல்லாம் உன்னிடந்தான் வந்திருக்கும்!"

பூகோள வாத்தியாரான எனக்கு இது பொறுக்கவில்லை. குற்றாலத்துச் சிற்றாறு எங்களைத் தாண்டிச் சீவலப்பேரியில் அல்லவா தாமிரபரணியோடு சேர்கிறது? எங்களை முழுக்கியது பாபநாசத்துக்கும் மணிமுத்தாற்றுக்கும் மேலே பெய்த மழை என்று விளக்க ஆரம்பித்தேன்.

"சரி, சரி. குழந்தைகளை அழைத்துக்கொண்டு இங்கே வா" என்றார்.

பஸ் ஓடத் தொடங்கியதும் போனோம். வண்ணார்பேட்டை வீட்டில் சேறு வாரிச் சுவர் உலர்கிற வரையில், பொங்கல் மட்டும், அங்கேதான் ஜாகை. குழந்தைகளின் சட்டையெல்லாம் கங்குப் புகை வாசனை. இறவாரம் இப்போது மூன்று முழம் நீண்டிருக்கிறது. பாதிப் பணம் என்னுடையது.